அம்மாவின் ஆணத்தில் மஞ்சள் கூடிய வருடம்

2020ஆம் ஆண்டு முடிகிற நேரம். குழம்பை எங்கள் பக்கத்தில் ஆணம் என்போம். ஒரு நாள் அம்மா தேங்காய்ப்பால் விட்டு வைத்த இறால் பாலாணம் செவ்வந்திப் பூ நிறத்தில் வந்தது. மட்டக்களப்பில் பாலாணம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தேங்காய்ப்பாலின் வெள்ளை தெரிய இளமஞ்சளாக இருந்தால்தான் அது பாலாணம். வாயில் வைத்தேன், கசந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மஞ்சள்ல எதையோ கலந்து விக்கிறானுகள்" என்றார் என் கணவர். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அந்த வருடத்தை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய வருடக் கடைசியில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறிப்போனது. மன்னார்ப் பக்கம் கடல் வழியாகக் கடத்திவந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்திகள் அடிக்கடி வந்தன. மாவும் சாயமும் கலந்த தூள் சந்தைக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கறி கசந்தால் பழி கடைக்காரருக்குத்தான். அதே கிழமையில் இன்னொன்றும் நடந்தது. விலை பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த 100 கிராம் மஞ்சள் ஐந்து நாளில் முடிந்துவிட்டது. போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு "எலி தட்டிப்போட்டுதோ" என்று கேட்டேனே தவிர, வேறு எதையும் யோசிக்கவில்லை.

அதன்பிறகு வெந்தயம் கருகியது. ஒரு முறை இல்லை, பல முறை. வெந்தயம் பொன்னிறம் தாண்டும்போது வருகிற அந்தக் காரமான மணம் முற்றத்தில் நிற்கிற எனக்கு வந்தது. அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு வரவில்லை. அப்போது கொரோனாக் காலம். மணம் தெரியாமல் போவது அதன் அறிகுறி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு லேசாக வந்து போயிருக்கும் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

2022இல், வைகாசிச் சடங்கு நடக்கிற நாட்களில், கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போன அம்மா வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வருடமாக நடந்த வழி அது. மறுகாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதித்த பெண் டொக்டர் வயது, சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா இப்பவும் சமைக்கிறாவா? சமையல்ல ஏதாவது மாற்றம் தெரிஞ்சதா?"

எனக்கு அந்தச் செவ்வந்தி நிறம் கண்முன்னே வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முந்திய நிறம்.

அம்மாவுக்கு அல்சைமர் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு அறளை பெயர்தல் என்று ஒரு சொல் இருக்கிறது. வயது போனால் வருவது, அதற்கு என்ன செய்ய என்று விட்டுவிடுகிற தொனி அந்தச் சொல்லிலேயே உண்டு. சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு "அறளை பேந்திட்டுது பாவம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பிசையும். இது மூளைக்கு வருகிற நோய். தலையில் அடிபட்டால் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமோ அப்படிக் கொண்டுபோக வேண்டிய நோய்.

நோயின் பெயர் வெளியே தெரிந்த நாளிலிருந்து என் போனில் மஞ்சள் கொட்டத் தொடங்கியது. கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பினார், கல்முனையில் படிப்பிக்கும் தோழி அனுப்பினார், முன்வீட்டு மாமியின் மகன் அனுப்பினான். இந்தியாவில் மஞ்சள் சாப்பிடுவதால் மறதி நோய் குறைவு, மஞ்சள் மூளையைக் கழுவும், மிளகோடு சேர்த்தால் இருபது மடங்கு வேலை செய்யும். எல்லாரும் பாசத்தில்தான் அனுப்பினார்கள். நானும் பாசத்தில்தான் நம்பினேன். அம்மன் கோயிலில் மஞ்சளும் வேப்பிலையும் கையுமாக வளர்ந்தவள் நான். அம்மை போட்டால் மஞ்சள், வெட்டுக்காயத்துக்கு மஞ்சள், பிள்ளை பெற்றவளுக்கு மஞ்சளும் மிளகும் சீரகமும் உள்ளியும் சேர்த்து அரைத்த சரக்குக் கறி. என் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் அம்மியில் சரக்கரைத்த கை அம்மாவின் கை. அந்தக் கைக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? தினமும் இரவில் மஞ்சள் பால் கொடுத்தேன். அது போதாதென்று வெளிநாட்டிலிருந்து மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் அடைத்த குளிசைப் போத்தல் ஒன்றும் வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்து வந்தோம். மாதாமாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவைப் பார்ப்பார்கள். 2 முதல் 3 வரை நிற்க வேண்டியது. குளிசை தொடங்கி மூன்றாவது கிழமை பல் தீட்டும்போது முரசில் இரத்தம் நிற்கவில்லை. கிளினிக் நாள் வரும்வரை பார்க்காமல் ஓடினோம். அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "புதுசா ஏதாவது குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். நான் முதலில் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, மஞ்சளை நான் மருந்தாகக் கணக்கெடுக்கவே இல்லை. பிறகுதான் கைப்பையிலிருந்த போத்தலை எடுத்து நீட்டினேன். அன்றோடு அது நின்றது, அம்மாவும் தேறிவிட்டார். பிறகு நான் தேடி வாசித்தபோது, நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது தெரிந்தது. வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த குளிசை ஒன்றைத் தொடங்க, சில கிழமைகளில் ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியிருக்கிறது.

அந்தப் பயம்தான் என்னை வாசிக்க வைத்தது. ஒரு விஞ்ஞான ஆசிரியையாக நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

முதலில் கணக்கைப் பார்த்தேன். மஞ்சளின் மருந்துக் குணம் என்று பேசப்படுவதெல்லாம் குர்குமின் என்ற பொருளைப் பற்றித்தான். மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்குதான். ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்று வைத்தால், அதில் 90 மில்லிகிராம் குர்குமின். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு வைக்கிற கறிக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள் போடுவோம். ஆளுக்கு 9 மில்லிகிராம். இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் அல்சைமர் உள்ள 36 பேரை எடுத்து, சிலருக்கு ஒன்றுமில்லாத குளிசையும் சிலருக்கு நாளுக்கு 2 கிராம் குர்குமினும் சிலருக்கு 4 கிராமும் 24 கிழமை கொடுத்தார்கள். 4 கிராம் என்றால் நாளுக்கு 44 தேக்கரண்டி மஞ்சள். அவ்வளவு கொடுத்தும் மறதியில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. இரத்தத்தில் தேடினால் குர்குமின் மிகச் சொற்பம். ஹொங்கொங்கில் 34 பேரோடு ஆறு மாதம் நடந்து 2008இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான்.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெறும் கட்டுக்கதையிலிருந்து வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அல்சைமரில் மூளைக்குள் அமிலாய்ட் என்ற புரதம் கட்டி கட்டியாகப் படிகிறது. 2001இல் லொஸ் ஏஞ்சலிசில் எலிகளுக்குக் குர்குமின் கலந்த தீனி கொடுத்தபோது அந்தக் கட்டிகள் குறைந்தன. அதே வருடம் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எடுத்த கணக்கில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டால் அல்சைமர் புதிதாக வருவோர் மிகக் குறைவு என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவுடன் "கறி சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் இல்லை" என்ற வாக்கியம் பிறந்துவிட்டது. 2006இல் சிங்கப்பூரில் 60 வயது தாண்டிய 1010 பேரைப் பார்த்ததிலும் கறி சாப்பிடுவோரின் ஞாபகப் புள்ளிகள் கொஞ்சம் கூடத்தான் இருந்தன. ஆனால் அடிக்கடி கறி சாப்பிடுகிறவர் வேறு எதையெல்லாம் சாப்பிடுகிறார், யாரோடு இருந்து சாப்பிடுகிறார் என்பதை மஞ்சளிலிருந்து பிரித்து எடுப்பது லேசான காரியமில்லை.

எங்கள் நாட்டைப் பார்த்தாலே போதும். மஞ்சள் இல்லாத அடுப்படி இலங்கையில் ஏது? ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில் 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு மறதி நோய் இருந்தது. இந்தியாவில் 2023இல் வெளியான கணக்குப்படி 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது 88 லட்சம் பேர். எல்லோரும் மஞ்சள் சாப்பிட்டவர்கள்தான். என் அம்மாவும்.

எலிக்கு வேலை செய்வது மனிதருக்கு ஏன் செய்வதில்லை? குர்குமின் குடலால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் குடற்சுவரும் ஈரலும் உடனே உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. அதைத் தாண்டி மூளைக்குள் போக வேண்டுமானால் மூளையைச் சுற்றி இரத்தக் குழாய்களில் இருக்கும் காவலையும் கடக்க வேண்டும். சோதனைக் குழாயிலும் அது ஒரு வழுக்குகிற பொருள். ஆய்வுகூடக் கரைசலில் அரைமணிக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். தானாகவே ஒளிரும், கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டும், அதனால் பரிசோதனை "வெற்றி" என்று காட்டிவிடும். 2017இல் மருந்து வேதியியல் ஆய்வாளர்கள் சிலர் அதுவரை மனிதர்களிடம் செய்த 120க்கும் மேற்பட்ட குர்குமின் சோதனைகளை அலசினார்கள். முறையாக, எது மருந்து எது வெறும் குளிசை என்று கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த எதிலும் அது தெளிவாக வென்றதாகக் காணவில்லை.

ஒரே ஒரு நல்ல செய்தியையும் மறைக்கக் கூடாது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், மறதி நோய் இல்லாத 40 பேரை எடுத்து, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, நன்றாக உறிஞ்சப்படும்படி மாற்றிய குர்குமினை 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை 18 மாதம் கொடுத்தபோது ஞாபகச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. 40 பேர் என்பது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆட்களைவிடக் குறைவு. நோய் வந்தவர்களும் இல்லை. பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தால்தான் நம்பலாம். யாராவது செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மிளகு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இருபது மடங்கு உண்மைதான். 1998இல் பெங்களூரில் செய்த சோதனையில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருக்கும் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் 2000 வீதம் கூடியது. ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றை இருபதால் பெருக்கினால் எவ்வளவு வரும்? அதைவிட முக்கியம், பைப்பரின் எப்படி இதைச் செய்கிறது என்பது. உடம்பு வேண்டாத பொருளை வெளியேற்றுகிற கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கதவால்தான் நாங்கள் விழுங்குகிற மருந்துகளும் வெளியே போகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடொயின் குளிசையின் அளவு பைப்பரினால் இரத்தத்தில் ஏறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இரசத்தில் போடுகிற மிளகுக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. சத்தாகப் பிழிந்து அடைத்துத் தினமும் விழுங்கும்போதுதான் கதை மாறுகிறது. வலிப்புக்கோ இதயத்துக்கோ குளிசை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், கிளினிக் கொப்பியோடு இந்தப் போத்தல்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்னைப் போல முரசில் இரத்தம் வரும்வரை வைத்திருக்காதீர்கள்.

கறுவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்காகோவில் கலிபாத பாஹன் என்ற ஆய்வாளரின் குழு, கறுவா ஈரலில் சோடியம் பென்சோவேட்டாக மாறி, நடுக்குவாதம் (பார்கின்சன் நோய்) வரவைத்த எலிகளின் மூளைக் கலங்களைக் காப்பதாக 2014இல் எழுதியது. எலிகளோடு நிற்கிற கதை இதுவும். கறுவா என்ற பெயரில் வெளிநாட்டுக் கடைகளில் விற்பது பெரும்பாலும் கசியாப் பட்டை. அதில் ஈரலைக் கெடுக்கக்கூடிய கூமரின் அதிகம். எங்கள் நாட்டுக் கறுவாவில் அது மிகச் சொற்பம். கனடாச் சித்திக்கு இதை மட்டும் நான் திருப்பி எழுதினேன்.

செடியிலிருந்து மூளைக்கு மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்ததாக 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையிலிருந்து எழுதினார்கள். இன்று நடுக்குவாதத்துக்கு முதல் மருந்து அந்த லெவோடோபாதான். அல்சைமருக்குக் கொடுக்கும் கலன்டமின் ஸ்னோட்ரொப் என்ற பூச்செடியிலிருந்து வந்தது. ஆனால் அந்த விதைக்கும் குளிசைக்கும் இடையில் பல வருட வேலை இருந்தது. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், எதோடு சேர்க்கக் கூடாது என்று கண்டுபிடிக்கிற வேலை. எங்கள் சரக்குப் பெட்டிக்கு இன்னும் அந்த வேலை நடந்து முடியவில்லை.

மஞ்சளால் மூளைக்குக் கெடுதி வந்த கதை ஒன்றும் இருக்கிறது, அதை இதுவரை யாரும் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியதில்லை. பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கலந்து வந்தார்கள். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கும் நஞ்சு. 2019இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து கடைகளைப் பிடித்து, தண்டம் போட்டு, மக்களுக்குச் சொல்லி, 2021இல் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூளைக்காக மஞ்சளில் செய்யப்பட்ட வேலைகளில் இதைவிடப் பெரியது இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இதை வாசித்த பிறகு நான் முழு மஞ்சள் வாங்கிக் கழுவிக் காயவைத்து, கண் முன்னால் மில்லில் அரைப்பித்துக்கொள்கிறேன்.

இனி என் மனதை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

மணம் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற பாதை மற்றப் புலன்களின் பாதை போன்றதில்லை. நடுவில் நிற்கிற தரிப்பிடத்தில் நில்லாமல், ஞாபகத்தையும் உணர்ச்சியையும் கையாளுகிற இடங்களுக்கு நேராகப் போகிறது. அல்சைமர் முதலில் கை வைக்கிற இடங்களும் அந்த அயலில்தான் இருக்கின்றன. நடுக்குவாதத்திலோ கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு மணம் மங்கிவிடுகிறது. ஜெர்மனியில் உருவாக்கி உலகெங்கும் பயன்படுத்துகிற மண மோப்பச் சோதனை ஒன்று இருக்கிறது, பேனை போன்ற குச்சிகளைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்து என்ன மணம் என்று கேட்பார்கள். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கறுவா, கராம்பு, உள்ளி. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி.

மணம் போனதெல்லாம் மறதி நோய் என்று அர்த்தமில்லை. தடிமன், கொரோனா, வெறும் வயது, எத்தனையோ காரணம் இருக்கலாம். சமையலும் அப்படித்தான். ஆனால் நாற்பது வருடம் ஒரே கைப்பக்குவத்தில் வந்த ஆணம் மாறும்போது, உப்பு இரண்டு தடவை விழும்போது, எதற்குப் பிறகு எதைப் போடுவது என்று அடுப்பு முன்னால் ஒருவர் யோசித்து நிற்கும்போது, அது ஒரு சேதி. ஒரு கறி வைப்பதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வரிசை, நேரம், அளவு, மணம், நிறம், எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். எங்கள் ஊரில் வயதான பெண்கள் கணக்கு எழுதுவதில்லை, வங்கிக்குப் போவதில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், டொக்டர் கொடுத்த தாளில் மணிக்கூடு வரையச் சொன்னபோது பேனையைப் பிடிக்கவே கூச்சப்பட்டார். அவருடைய மூளையின் கணக்குக் கொப்பி அடுப்படியில்தான் இருந்தது. அதை ஒன்றரை வருடம் தினமும் நாங்கள் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம், வாசிக்கவில்லை.

முன்பே வாசித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நோய் போயிருக்காது. டொனெபெசில் குளிசை இப்போதும் கொடுக்கிறோம், அது கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் காது மந்தத்துக்குக் கருவி முன்பே வாங்கியிருக்கலாம். சீனியையும் பிரஷரையும் இறுக்கிப் பிடித்திருக்கலாம். 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்ன கணக்கில், கல்வி, காது, கண், சீனி, பிரஷர், கொழுப்பு, தனிமை என்று 14 விஷயங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். பட்டியலில் மஞ்சள் இல்லை. முதலாவதாக இருப்பது பள்ளிக்கூடம். அம்மாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய அந்தக் காலத்தை நினைத்து நான் இரவில் அழுதிருக்கிறேன். அதோடு, அம்மாவிடம் நிறையக் கதை கேட்டிருக்கலாம். 1978 சூறாவளியில் கூரை பறந்ததை இன்றைக்கும் மணி மணியாகச் சொல்கிறார். காலையில் சாப்பிட்டாரா என்பதுதான் தெரியாது. நடுவில் இருக்கிற வருடங்களின் கதைகள் எனக்கு வேண்டியிருந்தன.

மஞ்சள் பாலை நிறுத்திவிட்டோம். டொக்டர் கறியில் போடும் மஞ்சளைக் குறைக்கச் சொல்லவில்லை, ஆகவே கறி கறியாகவே இருக்கிறது.

போன சனிக்கிழமை தூளுக்குச் சரக்கு வறுத்தேன். மல்லியைச் சுளகில் கொட்டி அம்மாவின் மடியில் வைத்தேன். என் பெயர் அவருக்கு அன்று வரவில்லை, தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் விரல்கள் கல்லையும் காம்பையும் தேடித் தேடி எடுத்து வெளியே போட்டன, சுளகு இரண்டு தடவை தானாகப் புடைத்தது. கறுவாப் பட்டையை முறித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றும் சொல்லவில்லை. மிளகையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மில்லுக்குக் கொண்டுபோகும் பையில் நான் போடப் போட, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"மகள், மஞ்சள் காணாது."

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தேன். இன்னொரு துண்டு எடுத்துப் போட்டேன்.